கெலிஓயாவில் நின்ற பஸ்

புசல்லாவையிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்கள் பலர் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் இறங்க முடியாது, அவ்வளவுதான். கண்டியில் ஒரு புடைவைக் கடையில் கேஷியராக இருக்கும் நானும் அரைக் கோப்பைத் தேநீரோடு கிளம்புகிறவள்தான். கடையிலும் கல்லாவை விட்டு எழுந்து போக மனம் வராது.

போன வருடம் ஒரு நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. கறியில் உறைப்பு கூடிவிட்டது என்று நினைத்தேன். பிறகு அடிவயிறு வலித்தது. போய்விட்டு வந்த கையோடு மறுபடி போகவேண்டும் போலிருக்கும். போனால் நாலு சொட்டு, அதுவும் நெருப்பு. கணவரிடம் "வயிறு சரியில்லை" என்றேன். அவர் அக்கறையாக ஓமத்தண்ணீர் காய்ச்சித் தந்தார். குடிக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஓமத்தண்ணீரோடுதான் பஸ் ஏறினேன். கம்பளை தாண்டியதும் என்னால் முடியவில்லை. கண்டக்டரை அருகில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர். குரல்தான் பெரிது. "அண்ணே, ஓரமா நிப்பாட்டுங்க. அக்காவுக்கு ஒண்ணுக்கு அவசரம்" என்றார். தமிழ் புரியாதவர்கள் விடுபட்டுப் போகக்கூடாது என்று சிங்களத்திலும் ஒருமுறை சொன்னார்.

பஸ் கெலிஓயாவில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. முற்றம் கூட்டிக்கொண்டிருந்த முஸ்லிம் அம்மா என் முகத்தைப் பார்த்ததுமே விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வழி காட்டினார். பிறகு கதவுக்கு வெளியே நின்று விசாரித்தார்.

"எரிச்சல் ஈக்கிதா மகள்?"

"ஆமாங்க."

"தண்ணி குடிக்கிறல்லையா?"

உள்ளே நான் வாளித் தண்ணீரை அள்ளி ஊற்றினேன்.

"வெக்கப்பட்டு ஈந்தா நோவும் வருத்தமும் கூடும். இன்டைக்கே டொக்டர்ட்ட போங்க."

திரும்பி ஏறியபோது பஸ்ஸே என்னைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டது. முன் இருக்கைப் பெரியவர் மட்டும், "சீனி வியாதி இருக்கான்னு பார்த்தீங்களா?" என்றார். ஒரு சிங்களப் பாட்டி பொல்பலா மூலிகையை அவித்துக் குடிக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்த டீச்சர் என் காதில், "எனக்கும் போன மாசம் இருந்திச்சு" என்றாள். பேராதனை வருவதற்குள் பின்னாலிருந்த இன்னொருத்தியும் அதையே சொன்னாள்.

அன்று மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். ஒரு பஸ்ஸுக்கே தெரிந்த விஷயத்தை அவரிடம், "கொஞ்சம் ஒரு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

"ஒரு மாதிரி எண்டா?"

சொன்னேன். காய்ச்சல், குளிர் இருக்கிறதா, முதுகு நோகிறதா, வாந்தி வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "நல்லது. கிருமி இன்னும் சிறுநீரகத்துக்கு ஏறேல்லைப் போல" என்று சொல்லி, சிறுநீரையும் சீனியையும் சோதிக்க எழுதித் தந்தார்.

சீனி இல்லை. சிறுநீரில் கிருமி இருந்தது. மருந்து தரும்போது, "சுகமாப் போச்சுதெண்டு இடையில நிப்பாட்டக் கூடாது. தண்ணி நல்லாக் குடியுங்கோ. வந்தா அடக்கி வைக்காதேங்கோ" என்றார்.

"பஸ்ல வர்றேன் டொக்டர்."

"பஸ் காத்து நிக்கும். மூத்திரப்பை நிக்காது."

பொல்பலா குடிக்கலாமா என்று கேட்டேன். மருந்துக்குப் பதிலாக வேண்டாம் என்றார்.

இரண்டு மூன்று நாளில் எரிச்சல் போய்விட்டது. மிச்ச மருந்துக் குளிசைகளை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாமே என்று எனக்குப் புத்தி போனது. அன்று காலை கண்டக்டர் டிக்கட் கிழித்தபடி, "அக்கா, மருந்து முடிஞ்சிருச்சா?" என்று பின் கதவு வரை கேட்கக் கேட்டார். முழு பஸ்ஸும் பதிலுக்காகக் காத்திருந்தது.

"இன்னும் இருக்கு. குடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகு குடிக்காமல் என்ன செய்வது? கடைசிக் குளிசை வரை குடித்து முடித்தேன்.

இப்போது வீட்டிலேயே தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிறேன். கம்பளை ஸ்டாண்டில் பஸ் நிற்கும்போது இறங்கிப் போய்விட்டு வருகிறேன். முதல் வாரம் தனியாகப் போனேன். அடுத்த வாரம் டீச்சரும் வந்தாள். இப்போது நாங்கள் ஐந்தாறு பேர் போகிறோம். டிரைவர் ஹோர்ன் அடித்துப் பார்த்து அலுத்துவிட்டார். நாங்கள் வரும் வரை இறங்கி நின்று பிளேன்டீ குடிக்கிறார்.