மூன்று மணி நேரம் இல்லாமற்போன விளம்பரம்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி பதினான்கு நிமிடத்துக்கு என் கைபேசியில் ஒரு படம் வந்தது. சந்தன நிறப் பட்டு ரவிக்கை. கழுத்தைச் சுற்றிச் சிவப்பு நூலில் ஆரி வேலை. அந்தச் சிவப்பு கசிந்து இறங்கி, பாதி ரவிக்கையைத் திட்டுத் திட்டாக நனைத்திருந்தது. கீழே ஒரே வரி: "சாயம் போகாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?"

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் நூலும் மணியும் கோத்துப் பூப்போடுவதுதான் ஆரி வேலை. பள்ளி ஆசிரியை வேலையை விட்ட பிறகு பொழுதுபோக்காகக் கற்றுக்கொண்டேன். கற்றதை இணையதளத்தில் பாடமாக எழுத ஆரம்பித்தேன். காஞ்சிபுரத்தில் புடவையைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ரவிக்கையைப் பற்றிப் பேச நான் இருக்கிறேன் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வேன். படங்களையும் பக்கங்களையும் கவனித்துக்கொள்வது என் மகள். ஏனாத்தூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் வரும் ஷேர் ஆட்டோ பத்து நிமிடம் பிந்தினால் நான்கு முறை போன் போடுகிற அம்மா நான்.

தளத்தில் விளம்பரம் தருவது ஒரே ஒரு கடை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நூலும் மணியும் விற்கும் ஒரு பாயின் கடை. நாங்கள் இருவரும் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. ஆனால் முறை ஒன்று உண்டு. புது நிறம் வந்தால் விற்பனைக்கு வைக்கும் முன் ஒரு கண்டு நூல் எனக்கு அனுப்புவார். நான் அதை வெள்ளைத் துணியில் தைத்து, நனைத்து, காயவைத்துப் பார்த்தபின்தான் தளத்தில் எழுதுவேன். நல்லது என்றால் நல்லது, இல்லை என்றால் இல்லை. ஒருமுறை அவர் கடைத் தங்க மணி இரண்டே மாதத்தில் கறுத்துவிடுகிறது என்று எழுதினேன். விளம்பரம் போய்விடும் என்று நினைத்தேன். அவர் மணியைத்தான் மாற்றினார். இன்னொரு முறை, பாடத்தின் நடுவில் விளம்பரம் வைத்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்று என் மகள் சொன்னபோது அவரே மறுத்துவிட்டார்.

"வாணாம்மா. நீங்க சொல்லிக் குடுத்துக்கினு இருக்கும்போது நடுவுல நான் பூந்து நூலு வாங்குன்னா நல்லாவா இருக்கும்? ஓரமா போடுங்க, போதும்."

அப்படிப்பட்டவரின் சிவப்பு நூல் அது. நானே சோதித்து, 'துவைத்தாலும் சாயம் போகாது' என்று எழுதிய நூல்.

சோதித்த துணிகளையெல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைத் தேடி மாடிக்குப் போனேன். பெட்டிகளைப் புரட்டி எடுத்துக்கொண்டு கீழே வர அரை மணி ஆயிற்று. அன்று கல்லூரி விடுமுறை. மகள் கணினிக்கு முன்னால் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

"நீ டென்ஷன் ஆவாத மா. நான் பார்த்துக்கினேன்."

"என்னடி பார்த்துக்கினே?"

"அந்தக் கடை விளம்பரத்தத் தூக்கிட்டேன். கமெண்ட்லயும் போட்டுட்டேன், புகார் வந்ததால விளம்பரத்த நீக்கிட்டோம்னு. படம் அனுப்புன அந்த அக்கா அங்கயும் வந்து உன்னைத் திட்டுறாங்க மா. என்னால படிக்க முடியல."

ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. திட்டு என் தலையிலிருந்து இறங்கி வேறொரு தலைக்குப் போய்விட்டது அல்லவா? மகளின் முதுகைத் தட்டிக்கூடக் கொடுத்தேன்.

பிறகு நோட்டைத் திறந்தேன். அந்தச் சிவப்பு ஒட்டியிருந்த துணி பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. ஏழு முறை நனைத்ததாக என் கையெழுத்திலேயே இருந்தது.

படம் அனுப்பிய பெண்ணுக்குப் போன் செய்தேன். திண்டுக்கல் பக்கம். தங்கையின் நிச்சயதார்த்தத்துக்குத் தானே தைத்த ரவிக்கையாம். குரலில் இன்னும் அழுகை இருந்தது.

"எப்படிம்மா துவைச்சீங்க?"

"எப்பவும் போலத்தான். சுடுதண்ணில சோப்புத்தூள் கரைச்சு ஒரு மணி நேரம் ஊற வச்சேன். துவைக்கலாம்னு போட்டிருந்தீங்களே?"

இந்த ஊரில் பட்டுத் துணியைச் சோப்புத்தூளில் ஊற வைப்பவர் யாரும் இல்லை. பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துவதற்குப் பெயர்தான் எங்களுக்குத் துவைப்பது. பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும் என்ற நினைப்பில் அதை நான் எழுதவே இல்லை. எழுதாதது மட்டுமில்லை, வேறு விதமாகச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் இல்லை. ஆனால் என் பாடத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் காஞ்சிபுரத்தைப் பார்த்ததே கிடையாது.

இரண்டு கிண்ணம் எடுத்தேன். ஒன்றில் பச்சைத் தண்ணீர், இன்னொன்றில் சுடுதண்ணீரும் சோப்புத்தூளும். இரண்டிலும் அதே நூல் தைத்த துணி. ஒரு மணி நேரத்தில் முதல் கிண்ணம் தெளிவாக இருந்தது. இரண்டாவது ரோஸ்மில்க் மாதிரி ஆகிவிட்டது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ பாய் மேல தப்பு இல்லையா?"

"இல்லடி. எழுதுனது நான்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. என்னைக் காப்பாற்றத்தான் அவள் ஓடினாள். அதனால் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதற்குள் அவள் போட்ட பதிலுக்குக் கீழே வரிசையாக வந்துவிட்டிருந்தன: 'நானும் அங்கேதான் வாங்கினேன்', 'போலி நூல்', 'கல்யாணத்துக்கு ஆர்டர் கொடுத்திருக்கேன், வேண்டாம்னு சொல்லப் போறேன்'. முகூர்த்த மாதம். வருடம் முழுவதும் அவர் கடை ஓடுவதே இந்த மாதத்தை நம்பித்தான். கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் பெயரை நாங்கள் தெருவில் போட்டிருந்தோம்.

விளம்பரத்தைத் திரும்ப வைத்தோம். மணி ஒன்றரை. தளத்தின் முதல் பக்கத்தில் இரண்டு கிண்ணங்களின் படத்தையும் போட்டு எழுதினேன்: தவறு நூலில் இல்லை, பச்சைத் தண்ணீரில் மட்டும் சோதித்துவிட்டு 'துவைத்தாலும்' என்று எழுதிய என்னுடையது. கடையைக் கேட்காமல் விளம்பரத்தை நீக்கியதும் தவறு. திண்டுக்கல் பெண்ணுக்கு அதே ரவிக்கையை நானே புதிதாகத் தைத்துத் தருகிறேன் என்றும் சேர்த்தேன். எழுதும்போது பயம் இல்லை. என் தவறு எது என்று தெரிந்துவிட்டால் எனக்குத் தைரியம் தானாக வந்துவிடும்.

பாய்க்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போயிருப்பார் என்று இருந்தேன். இரண்டு மணிக்குப் போட்டேன், இரண்டரைக்குப் போட்டேன். எழுதியதை அனுப்பினேன். படித்துவிட்டார் என்று காட்டியது, பதில் வரவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தேன். 'வெளியே போயிருக்கார்' என்றார் பக்கத்துக் கடைக்காரர். வீட்டுக்குத் திரும்பி மகளும் நானும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

"கத்துவாராமா?" என்றாள்.

"கத்தட்டும். கத்தினா கேட்டுக்கலாம்."

நாலரை மணிக்கு ஸ்கூட்டர் சத்தம். பாய்தான். கையில் ஒரு பை. உள்ளே வரச் சொன்னேன், வாசற்படியிலேயே நின்றார்.

"தறிக்காரங்களுக்கு சாயம் போடுறவர்கிட்ட போயிருந்தேன்மா. இந்த சேப்பு நூல அவருகிட்ட காட்டினேன். சோப்புத்தூளுக்குத் தாங்காதுன்னு தொட்டுப் பார்த்தே சொல்லிட்டாரு. விக்கிற எனக்குத் தெரிஞ்சிருக்க வேணாமா? நானும்தான் கேக்கல."

பையிலிருந்து இரண்டு கண்டு சிவப்பு நூலை எடுத்து என்னிடம் கொடுத்தார். வேறு சாயம், வேறு சரக்கு.

"திண்டுக்கல் பொண்ணுக்கு இதுல போடுங்க. மொதல்ல சுடுதண்ணில தோய்ச்சுப் பாருங்க. பச்சைத் தண்ணிலதான் அலசணும்னு என் விளம்பரத்துக்குக் கீழயே எழுதிப் போட்டுடுங்க. அப்புறம் அதை எடுத்துடாதீங்க."

"சரி பாய். மன்னிச்சுக்கோங்க."

அவர் பையை மடித்துக்கொண்டார். என் மகளைப் பார்த்தார். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னாமா, நீதானே எடுத்தே?"

அவள் தலையாட்டினாள்.

"அம்மாவுக்காக எடுத்தே, புரியுது. ஆனா மத்தியானம் வரைக்கும் கடைக்கு வந்தவங்க எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. எதுக்குன்னே எனக்குத் தெரியல. என் மருமவன் போன்ல காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது. நாளைக்கு என் நூலு நிஜமாவே மோசமா இருந்தாலும் எழுதும்மா, தாராளமா எழுது. எழுதறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போட்டு, பாய், உங்க நூலு மோசம், எழுதப் போறேன்னு சொல்லிடு. அவ்ளோதான் நான் கேக்கறது."