பசை வாசனை

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாத நான் பந்தல்குடி ரோட்டில் கட்டிய பள்ளிக்கூடம் இது. சுற்றுவட்டாரத்தில் இதற்கு ஈடு கிடையாது. நேற்று எல்.கே.ஜி. டீச்சர், வசந்த காலப் பாடத்துக்குப் பிள்ளைகள் காகிதப் பூ ஒட்ட மைதாப் பசை காய்ச்சினார். அந்த வாசனைக்கு அப்படியே நின்றுவிட்டேன்.

எண்பதுகளில் மழை பொய்த்த ஒரு வருஷம். ஒண்ணாம் வகுப்பும் ரெண்டாம் வகுப்பும் ஒரே அறை. நான் ஒண்ணு, அக்கா ரெண்டு. எங்களையும் காகிதப் பூ ஒட்டச் சொன்னார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு. இளஞ்சூட்டுப் பசையை வழித்துத் தின்றுவிட்டேன். அக்கா பதறிப்போய்த் தன் பாவாடையால் என் வாயைத் துடைத்தாள். டீச்சர் கண்ணில் பட்டது அந்தப் பாவாடைதான்.

"பூ ஒட்டச் சொன்னா பசையவாடி திங்கிற?"

"ஆமா டீச்சர்" என்றாள் அக்கா. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்குப் பேர் 'பசைவாயி'. தெருவிலும் அதே கூப்பாடு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"நான் பள்ளிக்கூடம் போகலம்மா. ஒங்கூட வெறகு வெட்ட வாரேன்."

அம்மா மறுக்கவில்லை.

பெருமையாகச் சொல்ல எனக்கு எத்தனையோ உண்டு. இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பள்ளிக்கூடத் திறப்பு விழாவில் வந்தவர்கள் எல்லோரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா கைநாட்டு வைத்தாள்.