நாற்பத்தெட்டு நாள் ஏச்சு

புதுவயல் அரிசி ஆலை ஒன்றில் மூட்டை தூக்கிய முத்தப்பன், சிலம்பப் போட்டியில் இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து ஒரே ஆளிடம், ஒரே விதமாகத் தோற்றான். ஆள், சிங்கம்புணரி சேவுகன். தோற்கடித்தது அவனுடைய கம்பு அன்று.

கம்பின் நுனியில் துணி சுற்றி, எண்ணெயில் குழைத்த கரியைத் தடவிவிடுவார்கள். எதிராளியின் உடம்பில் முதலில் மூன்று பொட்டு வைப்பவனுக்கே மாலை. ஒவ்வோர் ஆட்டக்காரனுக்குப் பின்னாலும், எதிராளியை ஏசுவதற்கென்றே ஓர் ஆள் நிற்பது அந்தப் போட்டியின் வழக்கம். அவன் எதைச் சொன்னாலும் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது.

1964ஆம் ஆண்டு ஊருணிக் கரையில் முத்தப்பன் கம்பு சுழற்றிக்கொண்டிருந்தபோது, உடன் வந்திருந்த நான்கு வயது மகள் நாகவல்லி படியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். கம்பு காற்றைக் கிழிக்கும் ஓசையில் அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. இந்தச் செய்தி சிங்கம்புணரி வரை போயிருந்தது.

"மகளைத் தண்ணிக்குக் குடுத்துட்டு மாலை வாங்க வந்திருக்காருடோய்!" என்று 1966இல் சேவுகனின் ஆள் கத்தினான். முத்தப்பனின் கம்பு ஒரு கணம் தாழ்ந்தது. நெஞ்சில் மூன்றாவது பொட்டு விழுந்தது. மறு ஆண்டும் அதே வாசகம், அதே பொட்டு.

1968ஆம் ஆண்டுப் போட்டிக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கையில் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். உடம்பைப் பழக்கியாயிற்று, இனி மனத்தைப் பழக்க வேண்டும். மனைவி மீனம்மாளின் அண்ணன் செம்மலையும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தான். தினமும் விடிந்ததும், ஆலைச் சங்கு ஊதுவதற்குமுன், கொல்லையில் தன்னோடு ஆடிக்கொண்டே தன்னை ஏச வேண்டும் என்று முத்தப்பன் அவனிடம் கேட்டுக்கொண்டான். மைத்துனனைக் கேலி செய்யும் உரிமை முறைப்படியே உண்டாகையால் செம்மலையும் உற்சாகமாக இறங்கினான்.

"என்ன மாப்ளே, கம்பு சுத்துறீகளா, கூழு கிண்டுறீகளா? தொந்தி முன்னால வருது, ஆளு பின்னால வாரீக!"

"இதெல்லாம் உறைக்காது மச்சான். அதைச் சொல்லுங்க."

"எதை?"

"அவுக சொல்றதை."

செம்மலை கம்பைத் தரையில் ஊன்றினான். "அது என் தங்கச்சி பெத்த பிள்ளைய்யா. அது மட்டும் என் வாயில வராது."

அடுப்படியிலிருந்து மீனம்மாள் வெளியே வந்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஆடுங்க. நான் சொல்றேன்" என்றாள். கணவன் ஒருமுறை வென்றுவிட்டால் அந்த வாய்கள் அடங்கும், மகளின் சாவு களத்தில் ஏலம் போவது அத்தோடு நிற்கும் என்று அவள் நம்பினாள்.

முதல் நாள் அவள் அந்த வாசகத்தைச் சொல்லி முடிப்பதற்குள் முத்தப்பனின் கையிலிருந்து கம்பு நழுவியது. இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி அழுதார்கள். பத்தாம் நாள் கம்பு நழுவவில்லை. இருபதாம் நாள் அவன் கண்ணில் நீர் வரவில்லை. அதன்பின் அவன் குறை சொல்லத் தொடங்கினான்.

"வாய்க்குள்ளேயே முணங்காத. உரக்கச் சொல்லு."

அவள் உரக்கச் சொன்னாள்.

"சொன்னதையே சொன்னா எப்படி? அவன் வேற எதையாச்சும் சொல்லிட்டா? புதுசாச் சொல்லு."

நாற்பதாம் நாள் அவளிடம் புதிதாக ஒன்று இருந்தது. நான்கு ஆண்டுகளாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது.

"அவ உங்களைக் கூப்பிட்டிருக்கா. 'அப்பா, அப்பா'ன்னு ரெண்டு தரம். அக்கரையில துணி துவைச்ச பொம்பளைக்குக் கேட்டிருக்கு. பக்கத்துல நின்ன உங்களுக்குக் கேக்கலை."

செம்மலை உறைந்து நின்றான். அந்த இடைவெளியில் முத்தப்பனின் கம்பு அவன் தோளில் கரிப்பொட்டு வைத்தது.

"பாத்தியா! அசையலையே! நான் அசையலையே மீனா!" என்று முத்தப்பன் குதித்தான்.

மீனம்மாள் அவனையே சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டு, சோறு வடிக்க உள்ளே போனாள். எஞ்சிய எட்டு நாளும் கேட்டதையெல்லாம் சொன்னாள். குரல் தடுமாறவே இல்லை.

போட்டியன்று மீனம்மாள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தாள். சேவுகனின் ஆள் வழக்கமான வாசகத்தை எடுத்துவிட்டான். முத்தப்பன் சிரித்தான். பல் தெரியச் சிரித்தபடியே முதல் பொட்டை வைத்தான். பதறிப்போன அந்த ஆள் கத்தக் கத்த, இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தன. புதுவயல்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

வீடு திரும்பியதும், கழற்றிய மாலையை அவன் மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கவா? அவன் அதைச் சொன்னப்ப உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லை" என்றான் பெருமையோடு. "வேற யாரு பிள்ளையையோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

அவள் தலையசைத்தாள். அதைப் பாராட்டு என்று அவன் எடுத்துக்கொண்டான். மறுநாள் ஆலையிலிருந்து திரும்பியபோது, அவளுடைய சேலைகளோடு, அவள் இன்னும் எடுக்காமல் வைத்திருந்த நாகவல்லியின் கவுனும் கொடியில் இல்லை. அண்ணன் வீட்டிற்குப் போய்விட்டாள். செம்மலை இருமுறை சமாதானம் பேசிப் பார்த்தான். "அவருக்கு இனி நான் எதுக்கு?" என்பதற்கு மேல் அவள் பேசவில்லை.

அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நாற்பத்தெட்டு நாள் இருக்கையில், ஆலைக்குப் புதிதாக வந்திருந்த காஜா மைதீன் என்பவனை முத்தப்பன் கொல்லைக்கு அழைத்து வந்தான். சொல்ல வேண்டியதை இருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டுக் கம்பைக் கையில் எடுத்தான்.

காஜா மைதீன் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினான். "ஊருணியில நாகம்மாளை..."

முத்தப்பன் கம்பைத் தாழ்த்தினான்.

"நாகம்மா இல்லை தம்பி. நாகவல்லி. சரியாச் சொல்லு. முதல்லேருந்து."