சாம்பிள் நாற்காலி

என் மகள் கடித்ததும் பதறிப்போய் நான் பிடித்து இழுத்த நாற்காலியை, மற்றவர்களின் குழந்தைகளுக்கு வாங்கலாமா? இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மழலையர் பள்ளியின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இந்த ஆண்டு மறுசுழற்சி பிளாஸ்டிக்கில் செய்த குட்டி நாற்காலிகளை வாங்கலாம் என்றார் தலைமையாசிரியை. எனக்கும் பிடித்திருந்தது. ஊரப்பாக்கத்திலிருந்து விற்பனையாளர் ஒரு சாம்பிள் கொண்டுவந்தார்.

“எதுல செஞ்சது அண்ணா?”

“பழைய பக்கெட்டு, குடம், ஒடைஞ்ச சேரு. எல்லாம் கழுவி உருக்குனது மேடம்.”

“குழந்தைங்க கடிச்சா?”

“சேரை ஏன் மேடம் கடிக்கப் போறாங்க? உக்காரத்தான குடுக்குறோம்!”

சிரித்துவிட்டேன். ஆனாலும் சாம்பிளை வீட்டுக்கு எடுத்துவந்து, இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, முகர்ந்தும் பார்த்தேன். என் இரண்டு வயது மகள் அதைத் தள்ளிக்கொண்டே வீட்டைச் சுற்றினாள். பிறகு அதைக் கட்டிப்பிடித்து விளிம்பைக் கடித்தாள். நான் இழுத்தும் அவள் அழவில்லை. “என்னுது” என்று ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“கதவைக்கூடத்தான் கடிக்கிறா. அதை என்ன பண்ணப் போற?” என்றார் கணவர்.

நாளை என் பரிந்துரையை எழுதித் தர வேண்டும். உடைந்த குடம் குப்பைமேட்டுக்குப் போகாமல் இருப்பதும் இந்தக் குழந்தைகளுக்கு நல்லதுதான் என்று நம்புகிறேன். ஆனால் அந்தப் பழைய பிளாஸ்டிக்கில் என்ன ரசாயனம் கலந்திருக்குமோ என்று நினைத்தால் கையெழுத்துப் போடக் கை வரவில்லை. பள்ளிக்கோ காப்பகத்துக்கோ இப்படி வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: விற்பவரிடம் என்ன சான்றிதழ் கேட்டீர்கள்? எங்கே கொடுத்துச் சோதித்தீர்கள்?