செப்புக் குடமும் நீலத் தட்டும்

விருதுநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் வரிசையில் நின்றபோது போன் வந்தது. ஆய்வக உதவியாளர் மாரியம்மாள். "சார், செல்வி மேடம் போயிட்டாக. நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாகளாம், அம்புட்டுத்தான்." பின்னால் நின்றவர் நகரச் சொன்னார். அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். எனக்குக் கோபம் செல்வி மேடம்மேல்தான். சண்டையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளா அவர்?

எங்கள் கல்லூரியில் அவர் நுண்ணுயிரியல், நான் வேதியியல். அடுத்தடுத்த அறைகள். அவர் நினைவுக்காக இங்கே கூடியிருக்கும் உங்களில் யாரும் அந்தச் செம்புப் புரதத்தின் கதையைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. பாக்டீரியாவுக்குச் செம்பு துளி வேண்டும், மிஞ்சினால் விஷம். அதற்குள் ஒரு புரதம் மரபணு இழையைப் பிடித்தபடி காத்திருக்கிறது. செம்பு மிஞ்சியதும் அதைப் பற்றிக்கொண்டு இழையை முறுக்குகிறது. மரபணு விழித்து, செம்பை வெளியே தள்ளும் பம்பு உருவாகிறது. மேடம் அதே இடத்தில் நிறம் தரும் மரபணு ஒன்றையும் சேர்த்துவைத்தார். தண்ணீரில் செம்பு மிஞ்சினால் அந்தப் பாக்டீரியாவை வளர்த்த தட்டு நீலமாகும்.

"கண்ணு மூக்கு இல்லாத ஒரு செல்லு, மிஞ்சிப்போச்சுன்னா உடனே வேலையில எறங்குது. நமக்கு வாய் இருக்கு சார், தெறக்க மாட்டேங்கிறோம்" என்பார். என்னைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

நாரணாபுரம் சாலையில் ஒரு பட்டாசுக் கம்பெனி. முதலாளி மேடத்துக்குத் தூரத்து உறவு, அண்ணன் முறை. அங்கே வேலை செய்யும் பெண்கள் கம்பெனிக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். மேடம் சோதிக்கக் கேட்டதும், போர்மேன் தண்ணீரைப் பளபளவென்று தேய்த்த செப்புக் குடத்தில் கொண்டுவந்தார். டீச்சரம்மாவுக்குப் பிளாஸ்டிக்கில் கொடுப்பது மரியாதையில்லையாம். தட்டு கருநீலமானது. மேடம் அன்றைக்கே அதிகாரிகளுக்குக் கடிதம் அனுப்பிவிட்டார்.

முதலாளி கல்லூரிக்கே வந்து, எல்லோர் முன்னாலும் சொன்னார்: "தங்கச்சி, கொடமே செம்பு. அத யோசிக்கலியா?" அறையே சிரித்தது. மேடம் எழுந்தார். "தப்பு என்னோடது அண்ணாச்சி. எதுல கொண்டாந்தாகன்னு நான் கேட்டிருக்கணும்."

வெளியே வந்ததும், "போதும், விட்டுருங்க மேடம்" என்றேன்.

"என் சோதனை தப்புன்னுதானே ஆச்சு? தண்ணி சரியின்னு யாரு சார் சொன்னது?"

மறுநாள் காலை பிளாஸ்டிக் பாட்டிலோடு ஸ்கூட்டரில் கிளம்பினார். கிணற்றில் தானே இறைத்தார். இந்த முறை நீலம் வெளிறித் தெரிந்தது, ஆனாலும் நீலம்தான். என் கருவியில் வைத்துப் பார்த்தேன். குடிக்கக் கூடாத அளவுக்குச் செம்பு. கடிதத்தில் என் பெயரைப் போட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். மேடம் தன் பெயரை மட்டும் போட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கம்பெனிக்குக் குடிதண்ணீர் லாரி வரத் தொடங்கியது. அண்ணாச்சி அதன்பிறகு அவரோடு பேசவில்லை. மேடமும் அதற்காகத் தலை குனியவில்லை.

போன வாரம் கல்லூரி நிர்வாகம் மேடத்தின் குளிர்பெட்டியைக் காலிசெய்யச் சொன்னது. அந்தப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிட வேண்டுமாம். முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

முந்தாநாள் வேறொரு கம்பெனியில் வேலை செய்யும் பெண் ஒருவர் வாசலில் நின்றார். கையில் பிளாஸ்டிக் பாட்டில். "செல்வி டீச்சர் சொல்லியிருந்தாக, செம்புல கொண்டாரக் கூடாதுன்னு. அவுக இல்லன்னு தெரியும். நீங்க பாப்பீகளா சார்?"

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் குளிர்பெட்டிச் சாவி. யார் கேட்டாலும் தருவதாக இல்லை. இன்று காலை தட்டு நீலமாகியிருந்தது. கருவியிலும் பார்த்துவிட்டுக் கடிதத்தை எழுதினேன். கீழே என் பெயர் இருக்கிறது.