ஆனந்தனுக்குக் கட்டிய காப்பு

என் ஓரகத்தி வேம்புலியம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கடைசி வகுப்பான ஆறாவது பாரம் என்றால் என்ன, அதன் கடைசியில் சர்க்கார் பரீட்சை எந்த மாதம், அதற்குப் பள்ளிக்கூடத்தில் எத்தனை நாள் ஆஜர் வேண்டும் என்பதெல்லாம் எங்கள் முத்தாபுதுப்பேட்டையிலேயே அவளுக்குத்தான் அத்துப்படி. ஒரே பிள்ளை ஆனந்தன் என்ன படிக்கிறான் என்பது புரியாவிட்டாலும், படிக்கிறானா இல்லையா என்று அவன் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவாள். "முதுவு நேரா கீது பார், தூங்கறான்" என்பாள். போய்ப் பார்த்தால் தூங்கிக்கொண்டுதான் இருப்பான்.

அவள் புருஷன், என் மூத்தார் வீராசாமிக்கு ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம் இருந்தது. பட்டாளத்துக்குக் கொட்டகை போட வேண்டும் என்று சர்க்கார் ஆட்கள் வந்து கயிறு பிடித்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார்கள். மூத்தார் அந்தக் கல்லைப் பார்த்தபடி ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். வேம்புலி அக்கா அப்படி உட்காரவில்லை. "ஏர் புடிக்க இனிமே எடமில்லே. அவன் பேனா புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். பரீட்சையில் தேறினால் ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. அவளுக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்.

அது நாற்பத்திரண்டாம் வருஷம். பங்குனிக் கடைசியில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியாயிற்று. ஆனந்தன் தினமும் ஆவடியில் ரயிலேறிப் போய்ப் படித்த பள்ளிக்கூடத்தை, ஐந்தாவது பாரத்துப் பரீட்சை பாதியில் இருக்கும்போதே மூடிவிட்டார்கள். அதே வாரம் அக்காவின் தம்பி ஜானகிராமன், மனைவி ராஜம்மாளையும் ஐந்து பிள்ளைகளையும் ஒரு தையல் மிஷினையும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துச் சூளையிலிருந்து வண்டி கட்டி வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். நாலு நாள் என்றார்கள். ஆடி மாதமும் வந்தது, அவர்கள் போகவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஆனந்தன் எங்கே உட்கார்ந்து படிப்பான்? அக்கா அவனை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினாள். பிள்ளைகள் அங்கேயும் போனார்கள். வைக்கோல் போருக்குப் பின்னால் பாய் விரித்துக் கொடுத்தாள். அங்கே வெயில். மாடு கட்டி இறைக்கும் கவலைக் கிணற்றருகே கொண்டுபோனாள். அங்கே மூத்தாரே பேச்சுத் துணைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு நாள் ராஜம்மாள் அல்ஜீப்ரா நோட்டில் நாலு தாளைக் கிழித்துக் குழந்தைக்குத் துடைத்துப் போட்டுவிட்டாள்.

அக்கா அந்தத் தாள்களைக் குச்சியால் புரட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது?"

"இன்னா அண்ணி, ரெண்டு பக்கமும் எய்தின காகிதந்தானே? காலி காகிதமா கிய்ச்சேன்?" என்றாள் ராஜம்மாள். அவள் கெட்டவள் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். "ஸ்கூலே ஊர உட்டு ஓடிப் பூடுச்சு. இவன் இன்னாத்தப் படிச்சிக்கினு கீறான்?"

அது அக்காவுக்கும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்த கேள்விதான். ஆனி மாதத்தில் அவள் ஒருத்தியாகவே ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பள்ளிக்கூட வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்ததாம். காவல்காரன் உள்ளே விடவில்லை. எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு "மேற்கே" என்றானாம். "மேக்கால பொயுது சாயற வரைக்கும் ஊருங்கதான். எந்த ஊருன்னு போயி தேடறது?" என்று வந்து என்னிடம் சொன்னாள். காலில் செருப்பு இல்லாமல் போய்ச் சூடு பட்டிருந்தது. நான் விளக்கெண்ணெய் எடுத்து வந்தேன். வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

மனிதர்களைக் கேட்டுப் பயனில்லை என்றான பிறகு பொன்னியம்மனிடம் போனாள். ஆடி மூன்றாம் வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் காப்புக் கட்டி, பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. பள்ளிக்கூடம் கிடைத்து ஆனந்தன் பரீட்சை எழுத வேண்டும் என்று அவன் பேரிலேயே வேண்டிக்கொண்டு, அவன் வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறும் வேப்பிலையும் கட்ட வைத்தாள். காப்புக் கட்டியவன் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். அது ஒரு கஷ்டமாகவே அன்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் எங்கே போகப் போகிறான்?

மறுநாள் சனிக்கிழமை தபால்காரர் ஒரு கார்டு கொண்டுவந்தார். நாலாவதோடு நின்றவளானாலும் வீட்டில் தமிழ் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான், ஆனந்தனைத் தவிர. அவன் குளிக்கப் போயிருந்தான். நான் வாசித்தேன். பள்ளிக்கூடம் வாலாஜாபேட்டையில் ஆகஸ்டு மூன்றாம் தேதி திங்கட்கிழமை திறக்கப்படும். ஆறாவது பாரத்துப் பிள்ளைகள் ஐந்தாம் தேதி புதன்கிழமைக்குள் நேரில் வந்து சேர வேண்டும். வராதவர்கள் பெயர் பரீட்சை ஜாபிதாவில் சேர்க்கப்பட மாட்டாது.

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா கன்னிம்மா, ஒரே நாள்ல குடுத்துட்டா பாரு அம்மா" என்றாள். சொல்லி முடிக்கும்போதே கை தன் மணிக்கட்டுக்குப் போயிற்று. சிரிப்பு நின்றுவிட்டது. வாலாஜாவுக்குத் தினமும் போய்த் திரும்ப முடியாது. அங்கேயே தங்கித்தான் படிக்க வேண்டும்.

கோயில் தர்மகர்த்தா வரதன் அவளுக்குத் தூரத்து உறவு, அண்ணன் முறை. ஓடினாள்.

"அவுத்து உட்ருண்ணாத்தே. அடுத்த வருஷம் ரெட்டிப்பா செய்றேன்."

"நல்லாக் கீதே நாயம்! நேத்து கட்டி இன்னைக்கி அவுக்கறதுக்கு அது இன்னா, கன்னுக்குட்டிக் கயிறா? ஊர்ல யாருக்குனா அம்மை போட்டா நீ வந்து பதில் சொல்லுவியா?"

அக்கா திரும்பி வந்துவிட்டாள். போன வருஷம் எங்கள் தெருவிலேயே இரண்டு குழந்தைகள் அம்மையில் போயிருந்தன.

திங்கட்கிழமை ஒரு வழி பார்த்தோம். விடியற்காலை ரயிலில் மூத்தாரும் ஆனந்தனும் போய், பெயரைக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவது. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். நாலு மணிக்கெல்லாம் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

"பூட்டு வந்தாச்சா? பேரு எய்திக்கினாங்களா?"

"அரக்கோணம் வரைக்கும் போனோம்" என்றார் மூத்தார். பட்டாளத்து வண்டிகள் போக வேண்டுமென்று இவர்கள் ரயிலை நடுப்பகல் தாண்டியும் அங்கேயே நிறுத்திவிட்டார்களாம். வெயிலைப் பார்த்துவிட்டு, இனிப் போனால் இருட்டுக்குள் ஊர் வர முடியாது என்று எதிர் வண்டியில் திரும்பிவிட்டார்கள்.

"அரக்கோணத்துல இன்னா கீது?" என்றாள் அக்கா. பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

மூத்தார் அதைக் கேள்வியென்றே எடுத்துக்கொண்டார். "ஸ்டேஷன்ல இட்லி நல்லாக் கீது" என்றார்.

அக்கா கையிலிருந்த சொம்பைத் தரையில் வைத்தாள். வீசியிருந்தால்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது.

செவ்வாய்க்கிழமை காலை பூசை நேரத்தில் ஆனந்தனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஊரே நின்றுகொண்டிருந்தது.

"இவன் காப்ப நான் வாங்கிக்கிறேன்" என்றாள் பூசாரியிடம். "பெத்தவ கைக்கு மாத்தி உடு."

பூசாரி வரதனைப் பார்த்தார். வரதன் தலையை ஆட்டினார். "அப்படிலாம் வயக்கம் இல்லே."

"இல்லியா? முந்தா வருஷம் பூசாரி தம்பி ஜுரத்துல பட்த்தானே, அப்போ அவன் காப்ப யாரு வாங்கிக்கினது? நீயா, நானா? பூசாரிதானே?"

"அது ஒடம்பு சரியில்லாதவன் விசயம்" என்று பூசாரி முணுமுணுத்தார்.

"இவனுக்கு மட்டும் நல்லாவா கீது? நாலு மாசமா வைக்கப்போர்ல குந்திக்கினு தனக்குத்தானே இங்கிலீஷ் பேசிக்கினு கீறான். இத்தவிட இன்னா வரணும்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வரதனுக்கும் வாய் கோணிற்று. அடக்கிக்கொண்டார். "பொம்பளைங்க இந்த ஊர்ல தீ மெறிச்சது கெடையாது வேம்புலி."

"நான் கடைசியா மெறிக்கிறேன். நீங்கள்லாம் மெறிச்சி அணச்சது போவ மீதிதானே?"

பூசாரி கை நீட்டவில்லை. அவளே ஆனந்தனின் கையைத் தூக்கி முடிச்சைப் பல்லால் அவிழ்த்தாள். பையன் வெட்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றான். பெண்களுக்கு இடது கையில் கட்டுவதுதான் முறை. அவள் வலது கையை நீட்டினாள். "இது அவனுது. வலது கையிலயே கட்டு" என்றாள். பூசாரி வேறு வழியில்லாமல் கட்டினார். வரதன் மட்டும், இந்த வருஷம் உங்கள் வீட்டுக் கூழ் கோயிலுக்கு வேண்டாம் என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார். அது சின்ன அவமானம் இல்லை.

காப்பு கை மாறிய பிறகுதான் அவளுக்கே இன்னொன்று உறைத்தது. பிள்ளையைத் தானே கூட்டிப்போய், பள்ளிக்கூடத்தில் நாலு வார்த்தை கேட்டு, தங்க இடம் பார்த்து வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தாள். இப்போது ஊரை விட்டு இரவு தங்க முடியாதவள் அவள். மறுபடியும் மூத்தாரையே அனுப்ப வேண்டியிருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் அவருக்குப் பாடம்போலச் சொல்லிக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றுக்கும் "உம்" கொட்டினார்.

புதன்கிழமை போனவர் வியாழக்கிழமை மதியம் தனியாகத் திரும்பி வந்தார்.

"சேத்துக்கினாங்களா?"

"சேத்துக்கினாங்க."

"ஜாபிதாவுல பேரு எய்தினாங்களா?"

"இன்னாத்தையோ எய்தினாங்க."

"பேருதானா?"

"நான் எட்டியா பார்க்க முடியும்? பெரிய மனுசன் எய்திக்கினு கீறாரு."

"வாயத் தொறந்து கேட்டா இன்னா?"

"இன்னான்னு கேக்கறது? 'நீங்க எய்தறது என் புள்ள பேருதானா'ன்னா? அடிக்க வந்துருவாரு."

அதற்குப் பிறகு அன்று பூராவும் ராஜம்மாளின் பிள்ளைகள்கூட அடங்கிக் கிடந்தார்கள். வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டுக்கும் ஏரிக்கரைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஆனந்தன் கடிதம் போட்டிருப்பானோ என்று, தபால்காரர் தலை தெரிந்தால் எழுந்து ஓடுவாள். அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடி எல்லோருக்கும் கடைசியாகத் தீ மிதித்தாள். மீதி நெருப்பு என்று அவள் சொன்னது தப்பு. கடைசியில் போகிறவருக்கும் நெருப்பு நெருப்புதான். இரண்டு பாதமும் கொப்பளித்துவிட்டது.

திங்கட்கிழமை காப்பு அவிழ்ந்தது. செவ்வாய்க்கிழமை விடியற்காலை, ஒரு கையில் தடியும் மறு கையில் என் தோளுமாக ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தாள். "நீ போயி இன்னா செய்யப் போறே?" என்று மூத்தார் கேட்டார். "எட்டிப் பார்க்கப் போறேன்" என்றாள்.

வாலாஜாவில் பள்ளிக்கூடம் ஒரு பழைய சத்திரத்தில் நடந்துகொண்டிருந்தது. குமாஸ்தா ஒரு முக்காலியில் காகிதங்களை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். ஜாபிதா இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தெரிகிற எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.

"என் புள்ள பேரு இதுல கீதான்னு படிங்க சாமி" என்றாள் அக்கா.

அவர் அவள் காலைப் பார்த்தார். காலில் சுற்றியிருந்த வாழையிலையைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனார். "வீ. ஆனந்தன். பத்தொன்பதாவது பேரு."

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தார். "நேத்தே சர்க்காருக்குத் தபால்ல போயாச்சும்மா. இது நகல். இனிமே ஒருத்தரும் அடிக்க முடியாது. ஆஜர் மட்டும் கொறையாம பாத்துக்கோ."

அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அப்படி மூச்சு விட்டாள். அது முடிவதற்குள் உள்ளே ஒரே கூச்சல். பிள்ளைகள் கும்பலாக வெளியே ஓடிவந்தார்கள். தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்களாம், ஊரெல்லாம் ஸ்டிரைக்காம். கும்பலின் நடுவில் ஆனந்தன். எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"எங்கடா கெளம்பிட்டே?"

"எல்லாரும் போறாங்கம்மா. நான் மட்டும் எப்படிம்மா குந்திக்கினு கீறது?"

"போவட்டும். சொயராச்சியம் வரட்டும். வந்தா ஆபீசுல குந்த ஆளு வாணாமா? உள்ள போ."

அவன் போகவும் இல்லை, வரவும் இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவன் தோழர்கள் தெருக்கோடியிலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா தடியை ஊன்றி அவனைத் தாண்டி உள்ளே போனாள். கணக்கு வாத்தியார் பஷீருதீன் சாயபு காலி அறையில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றிருந்தார்.

"வாத்தியாரே, புள்ள ஒண்ணு கீது. பாடம் நடத்துங்க."

"ஒருத்தனை வெச்சுக்கினு எப்படிம்மா நடத்தறது?"

"ஒருத்தனை வெச்சுக்கினுதான் நானும் நடத்திக்கினு வர்றேன்."

அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். பிறகு ஆஜர் புத்தகத்தைத் திறந்தார். ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்தான். பெஞ்சுகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்தான். அவர் அவன் பெயரை மட்டும் கூப்பிட்டு எழுதிக்கொண்டு, பலகையில் ஒரு வட்டம் போட்டு ஆரம்பித்தார். தெருவில் கோஷம் ஏறி ஏறி இறங்கிற்று. அவன் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் பக்கம் திரும்பினான். வாத்தியார் ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, அவன் திரும்பும்வரை காத்திருந்தார்.

அக்கா வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடம் முடிந்ததும், "நாளைக்கும் உண்டுங்களா?" என்று கேட்டாள்.

சாயபு கோஷம் கேட்ட தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மீதியில்லாத பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.