தீபத்தன்று மாடி தாங்குமா

வேங்கிக்கால் வீட்டில் நான் ஒருத்திதான். மொட்டை மாடியிலிருந்து மலை உச்சி நன்றாகத் தெரியும் என்பதால், கார்த்திகை தீபத்தன்று மட்டும் எனக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து மாடியை நிறைப்பார்கள். போன வருஷம் தீபம் நெருங்கும் நேரத்தில் கூடத்துப் பீமின் நடுவில் விரிசல் விட்டது. படமெடுத்துச் சென்னையிலிருக்கும் மகனுக்கு அனுப்பினேன். "யாரையும் மாடி ஏத்தாதம்மா" என்றான்.

வருஷத்தில் அந்த ஒரு நாளும் போனால் எனக்கு என்ன இருக்கிறது? அடுத்த தெரு இன்ஜினியர் பெண்ணைக் கூட்டி வந்தேன். டேப் பிடித்து அளந்தாள், பூச்சைத் தட்டிப் பார்த்தாள்.

"வீட்ல எத்தினி பேரு ஆயா?"

"நான் ஒருத்தி. பல்லியயும் சேக்கணும்னா கூப்புடறேன்."

"மாடியில?"

"தீபத்தன்னிக்கு ஊரே நிக்கும். என் நாத்தனார மட்டும் ரெண்டு ஆளா போட்டுக்க."

கூட்டம் நெருக்கியடித்து நின்றால் வரும் பாரம், அதோடு தளத்தின் எடை, பீமின் எடை என்று போனிலேயே கணக்குப் போட்டாள்.

"பாரம் ஏறுனா பீமு நடுவுலதான் ஜாஸ்தி வளையும் ஆயா. மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் இழுபடும். அந்த இழுப்ப உள்ள இருக்கிற கம்பி தாங்கணும்."

"என் இடுப்பும் அப்டித்தான். கம்பிதான் இல்ல."

அப்போதுதான் சிரித்தாள். "செவுத்துகிட்ட சாய்வா விரிசல் இருந்தாதான் பயம். அங்க கத்திரி மாதிரி அறுக்குற வெட்டுவிசை ஜாஸ்தி, சொல்லாம கொள்ளாம ஒடஞ்சிடும். உங்களுக்கு அது இல்ல. தாங்கும். எதுக்கும் கீழ ஒரு இரும்பு முட்டு குடுத்துடுங்க. மேல எல்லாரும் செவுத்தோரமா நிக்கட்டும், நடுவுல யாரும் வேணாம்."

முட்டு கொடுத்தேன். மாடி நடுவில் கோலமாவால் பெரிய வட்டம் போட்டேன். பொரி உருண்டை பிடித்து டப்பா நிறைய வைத்துவிட்டு நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"கணக்கு போட்டாச்சு, தாங்குமாம்."

"உன் புள்ள விரிசல் போட்டோ அனுப்பினான் அண்ணி. கொழந்தைங்கள வெச்சிக்கினு எப்டி ஏறுறது? நாங்க எல்லாருமே டவுன்ல தெரிஞ்சவங்க மாடிக்குப் போறோம்."

"நீ வரலன்னா பீமுக்குத்தான் சந்தோஷம்" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

தீபத்தன்று சாயங்காலம் தனியாக ஏறினேன். சொன்ன பேச்சு தட்டாமல் சுவரோரமாகவே நின்றேன். மலையில் தீபம் தெரிந்ததும் எல்லார் மாடியிலிருந்தும் அரோகரா கிளம்பியது. நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கோலமாவைத் தாண்டி நட்டநடுவில் போய் நின்றேன். யாரும் அதட்டவில்லை. லேசாக ஒரு குதி குதித்தும் பார்த்தேன். பீம் கண்டுகொள்ளவே இல்லை.